காவலர் மிகைநேர ஊதிய வழக்குகள்

எட்டு மணி நேரத்தைத் தாண்டிய காவல் பணிக்குத் தனி ஊதியமோ ஈடான ஓய்வோ கேட்டுக் காவலர்கள் நீதிமன்றம் செல்லும் வழக்குகள். இந்தியாவில் இவை பெரும்பாலும் ஊதிய வழக்குகளாக வளர்வதில்லை. வார ஓய்வு கேட்கும் வழக்குகளாகவே முடிகின்றன.

விழுப்புரம் மாவட்டத்தைப் பார்த்தால் மணிக்கணக்கு எப்படிக் கூடுகிறது என்பது விளங்கும். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம் வழியாகப் போகிறது. முக்கியத் தலைவர்கள் சாலை வழியே தெற்கே போகும்போது வெயிலில் வரிசையாக நிற்பவர்கள் இந்த ஸ்டேஷன்களின் காவலர்கள்தாம். புதுச்சேரி எல்லையில் மதுக் கடத்தல் சோதனை ஓய்வதே இல்லை. 2023 ஜூனில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு நுழைவுத் தகராறில் சீல் வைத்தபோது அங்கே பந்தோபஸ்து. 2024 ஜூலையில் விக்கிரவாண்டி இடைத்தேர்தல், அக்டோபர் 27இல் வி.சாலையில் தமிழக வெற்றிக் கழக மாநாடு, அது முடிந்து ஐந்து வாரத்துக்குள் ஃபெஞ்சல் புயல் வெள்ளம். ஒவ்வொன்றுக்கும் வழக்கமான ரோந்து, பாரா, கோர்ட் டியூட்டி போக மீதி நேரத்திலிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும். அந்த மீதி நேரம் காவலரின் தூக்கம்.

சட்டம் இதை மிகைநேரமாகப் பார்ப்பதில்லை. 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 22ஆம் பிரிவு, காவலர் எப்போதும் பணியில் இருப்பவர் என்கிறது. தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கான காவல் சட்டம் அதற்கும் இரண்டு ஆண்டு மூத்தது; நடைமுறை இங்கும் அதுவே. பணிக்கு முடிவே இல்லை என்றால் மிகைநேரம் எந்த மணியில் தொடங்கும்? 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு தந்த இரட்டிப்பு ஊதியம் காவலருக்கு எட்டியதில்லை. 1966ஆம் ஆண்டுக் காவல் படைகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டம் அரசின் அனுமதியின்றித் தொழிற்சங்கத்தில் சேர்வதையும் தடுப்பதால், கூட்டாகப் பேரம் பேசும் வழியும் இல்லை. நாணய, பணத்தாள் அச்சுக் கழக ஊழியர் வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அரசுப் பதவியில் இருப்போர் பணி விதிகளில் இல்லாத இரட்டிப்பு ஊதியத்தைக் கோர முடியாது என்றது. அது காவலர் வழக்கு அல்ல. ஆனால் காவலர் தொடுக்கும் ஊதிய வழக்கின் குறுக்கே அது நிற்கும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1985இல் கார்சியா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 1938ஆம் ஆண்டின் நியாய உழைப்புத் தர நிர்ணயச் சட்டம் மாநில, நகர அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்றது. 28 நாள் கணக்கில் 171 மணிக்கு மேல் போனால் காவலருக்கு ஒன்றரை மடங்கு. எனவே அங்கே சண்டை நுணுக்கங்களில் நடக்கிறது: 1997இல் செயின்ட் லூயிஸ் நகரத்து சார்ஜென்ட்கள் தங்களுக்கும் மிகைநேர ஊதியம் உண்டு என்று வாதாடி, உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள்.

தமிழ்நாட்டில் ஓய்வு நாளில் வேலை பார்ப்பவருக்கு மிகைநேரப் பணி ஊதியம் என்று ஒரு தொகை உண்டு. மணிக்கு இவ்வளவு என்றில்லை, நாளுக்கு இவ்வளவு. ஆள் சேர்ப்பதைவிட அரசுக்கு இது மலிவு. காவலருக்கோ உடம்பும் குடும்பமும் தேயும் விலை. இந்த ஏற்பாட்டை நியாயம் என்று சொல்ல முடியாது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எட்டு மணி நேர ஷிப்ட் முறை பற்றிப் பேசியது. அவ்வாண்டு நவம்பரில் வந்த அரசாணை, தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு தந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை என்று காவலர் ஒருவர் மீண்டும் மதுரைக் கிளைக்குப் போனார்.

காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகத்துக்காக 2014இல் நடந்த ஆய்வு, எட்டு மணி நேர முறைக்கு ஸ்டேஷன்களுக்கு அப்போது ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களைப் போல 1.68 மடங்கு ஆட்கள் வேண்டும் என்று கணக்கிட்டது. நீதிமன்றம் ஓய்வு நாளுக்கு உத்தரவிடலாம். அந்த ஆட்களைச் சேர்க்க வேண்டியது அரசின் நிதிநிலை அறிக்கை.