ரஜூலாவின் உடன்பிறப்பு

சோழமண்டலக் கரையோரத்து முதியோரிடம் 'ரஜூலா' என்று சொன்னாற் போதும். மலாயாப் பயணக் கதைகள் மடைதிறந்து வரும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற அக்கப்பல், 1973 வரை நம் சபுராளிகளைச் சுமந்தது. அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக அதே 1926ஆம் ஆண்டிற் கட்டப்பெற்று, அதே வழியில் ஓடிய இணைக்கப்பல் ஒன்றும் இருந்தது. அதன் பெயர் 'ரோனா'. அதனை நாம் மறந்துவிட்டோம்.

இரண்டாம் உலகப்போர் ரோனாவைப் படைக்கப்பலாக்கிற்று. 1943 நவம்பர் 26ஆம் நாள், இந்தியாவுக்கு வரவேண்டிய ஏறத்தாழ இரண்டாயிரம் அமெரிக்க வீரர்களுடன், கப்பல் அணியொன்றில் அல்ஜீரியக் கரையையொட்டிச் சூயஸ் நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. மாலையில் ஜெர்மானிய விமானங்கள் தாக்கின. அவற்றுள் ஒன்று ஏவியது வழக்கமான குண்டன்று. விமானத்திலிருந்தே வானொலி அலைகளால் இலக்கை நோக்கிச் செலுத்தப்படும் சிறகுள்ள குண்டு. அது ரோனாவின் விலாவைத் துளைத்தது. 'பயோனியர்' என்னும் கண்ணிவெடி அகற்றும் கப்பல் மட்டும் 606 பேரை மீட்டது. ஆயினும் 1,015 அமெரிக்க வீரர்கள் மாண்டனர்.

புதிய ஆயுதத்தின் வெற்றி பகைவருக்குத் தெரியலாகாதென்று செய்தி மறைக்கப்பட்டது. 'காணாமற்போனார்' என்ற ஒரு சொல்லே முதலில் வீடுகளை எட்டியது. இறந்தாரென்று அழவும் இயலாமல், இருக்கிறாரென்று நம்பவும் இயலாமல் பெற்றோர் தவித்தனர். எங்கே, எவ்வாறு என்பதைப் பல்லாண்டுகள் அறியாமலே இருந்த குடும்பங்கள் பல. 2000ஆம் ஆண்டிலேதான் அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானமொன்றின் வாயிலாக அவர்களை நினைவுகூர்ந்தது.

அந்த 1,015 என்னும் கணக்கில் அடங்காதோர் மற்றொரு சாரார். ரோனாவின் மாலுமிகளுட் பெரும்பாலோர் 'லஸ்கர்' எனப்பட்ட இந்தியர். உயிர்தப்பிய வீரர்கள் சிலர், இம்மாலுமிகள் தம்மைக் கைவிட்டுப் படகேறியதாகக் குறைகூறினர். ஆனால் இறந்தோரின் தொகை வேறு சொல்கிறது. வீரர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். மாலுமிகளிலோ பாதிக்கும் மேற்பட்டோர், நூற்றுக்கு மிகுந்தவர்கள், அக்கடலிலேயே அடங்கினர். பிறரை விட்டு ஓடித் தம்முயிர் காத்தவர்களின் கணக்கு இவ்வாறா இருக்கும்?

அப்போரில் கடலில் மாண்ட இந்திய மாலுமிகளின் பெயர்களைத் தாங்கிய நூல் மும்பையிலும் சிட்டகாங்கிலும் காக்கப்படுகிறது. அதைப் புரட்டுவோர் எத்தனை பேர்? ரஜூலா கரைசேர்த்தவர்களின் கதை நம் இல்லங்களில் இன்றும் வழங்குகிறது. ரோனா கரைசேர்க்காதவர்களுக்கும் நம் வரலாற்றில் ஓரிடம் தருவது நம் கடனாகும்.