மட்டாஞ்சேரியில் முசிறியின் சுவடு

கொச்சியின் மட்டாஞ்சேரிக்குச் செல்லும் பயணியின் கண்ணை முதலில் ஈர்ப்பவை, 1568இல் எழுந்த பரதேசி யூதக் கோயிலின் நீலநிறச் சீன ஓடுகளே. எனினும், தமிழாய்வாளர் கருதத்தக்கது அக்கோயிலார் காத்துவந்த செப்பேடே ஆகும். கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்து, இசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் வழங்கியதை அது வட்டெழுத்தில் உரைக்கிறது. முயிரிக்கோடு இன்றைய கொடுங்கல்லூர். சங்க நூல்கள் போற்றும் முசிறித்துறையும் அதனைச் சூழ்ந்த பகுதியே என்பர். 1341ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளத்தால் அத்துறை தூர்ந்தபின் கொச்சி வளர்ந்ததாகக் கருதப்படுகிறது. யூதர் இடம்பெயர்ந்தபோது பட்டயமும் உடன்வந்தது. துறை அழிந்தும் ஆவணம் எஞ்சியது. ஆகவே, மட்டாஞ்சேரியைக் கேரள வரலாறு மட்டுமே எனக்கொண்டு நாம் விலகிநிற்றல் பொருந்தாது. முசிறியின் தொடர்ச்சியை அங்கும் தேடுதல் வேண்டும்.