காக்க வந்த படை

கொங்கு நாடு 1799 வரை மைசூர் அரசின் பகுதியாயிருந்தது என்பதை, ஆர்.எஸ்.புரத்தில் அமர்ந்து இதனை எழுதும் நாமே எளிதில் மறந்துவிடுகிறோம். 1779இல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் சென்னை அரசாங்கத்தின் சமாதானத் தூதராகக் கரூர் வழியாய்ச் சென்றுதான் சீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அலியைக் கண்டார். மறு ஆண்டே போர் மூண்டது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் திப்பு வீழ்ந்தபோது, கோயம்புத்தூர் கும்பினியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது; எஞ்சிய மைசூரோ கும்பினியின் 'நேச நாடு' ஆயிற்று. 1799 ஜூலையில், ஐந்து வயதுப் பாலகராகிய மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் பேரால் செய்யப்பட்ட உடன்படிக்கையை ஊன்றிப் படித்தல் நலம். மைசூரைக் காக்கக் கும்பினிப் படை நிறுத்தப்படும். அதற்கென மைசூர் ஆண்டுதோறும் 7 லட்சம் வராகன் செலுத்தவேண்டும். கும்பினி அறியாமல் பிற அரசுகளோடு தொடர்பு கொள்ளலாகாது. பணத்திற்கு மோசம் வருமெனத் தோன்றினால் நிர்வாகத்தையே கும்பினி எடுத்துக்கொள்ளலாம். 1831இல், நிர்வாகச் சீர்கேட்டைக் காட்டிப் பெண்டிங்க் பிரபு அவ்வாறே செய்தார். உடையார் வம்சத்திற்கு ஆட்சி திரும்பியது 1881இல்தான்.

கும்பினி வேறு, கம்யூனிஸ்ட் கட்சி வேறு. ஆயினும் 1955 மே 14ஆம் நாள் எட்டு நாடுகள் கையொப்பமிட்ட வார்சா ஒப்பந்தத்தை நோக்குங்கால் நமக்கு மைசூரே நினைவுக்கு வருகிறது. மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்ததற்கு மறுமொழியே இது என்றனர். அது மெய்யே; ஆனால் முழு மெய்யன்று. ஆஸ்திரியாவிலிருந்த தன் சேனைக்குச் செல்லும் வழியைக் காப்பதற்கென்றே அதுவரை சோவியத் படை ஹங்கேரியிலும் ருமேனியாவிலும் தங்கியிருந்தது. ஆஸ்திரியாவை விட்டகலும் உடன்படிக்கை மே 15இல் கையெழுத்தாயிற்று. பழைய காரணம் ஒழியுமுன்னரே புதிய காரணம் ஆயத்தமாயிருந்தது!

உள்நாட்டு விவகாரங்களில் தலையிடலாகாது என்றும் அவ்வொப்பந்தம் கூறிற்று. எனினும் கூட்டுப்படையின் தலைமைத் தளபதி, கோனியெவ் தொடங்கி இறுதிவரை, சோவியத் தளபதியே. ஆயுதமும் பயிற்சியும் சோவியத் முறையே. 1956 நவம்பர் 1இல் ஹங்கேரியப் பிரதமர் இம்ரே நாகி ஒப்பந்தத்தினின்று விலகுவதாக அறிவித்தார். 4ஆம் நாள் டாங்கிகள் புடாபெஸ்ட்டைத் தாக்கின. 1968 ஆகஸ்டில் சோவியத், போலந்து, பல்கேரியப் படைகளோடு அதே ஹங்கேரியின் படையும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தது. முப்பத்தாறு ஆண்டுகளில் நேச நாடுகள் கூடி நடத்திய ஒரே படையெடுப்பு, தங்களுள் ஒருவர்மீதே! 1958லேயே சோவியத் படை வெளியேறியிருந்த ருமேனியா அதில் சேர மறுத்தது. அதனால் மறுக்க முடிந்தது.

நேட்டோவின் ஐரோப்பியத் தலைமைத் தளபதியும் எப்போதும் அமெரிக்கரே என்று வாசகர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் 1966இல் பிரான்சு அதன் படையமைப்பிலிருந்து விலகியபோது எந்த டாங்கியும் பாரிசுக்குள் நுழையவில்லை.

இதனைப் பிறர் கதையென்று நம் திருச்சபையார் ஒதுக்கலாகாது. துளஜா மன்னர் தம் சுவீகார புத்திரர் சரபோஜியைச் சுவார்ட்ஸ் ஐயரிடமே ஒப்புவித்தார்; அவருக்காக ஐயர் கும்பினியிடம் வாதாடினார். 1798இல் கும்பினி சரபோஜியை அரியணையேற்றியது. மறு ஆண்டு அக்டோபரில் அவர் 1 லட்சம் வராகனும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பெற்றுக்கொண்டு நாட்டின் நிர்வாகத்தைக் கும்பினிக்கு எழுதிக்கொடுத்தார். அதைக் காண ஐயர் உயிரோடில்லை. 1798 பிப்ரவரியிலேயே நித்திரையடைந்திருந்தார். மன்னர் எழுப்பிய பளிங்கு நினைவுச்சின்னம் தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் உள்ளது. அதில் மரணப்படுக்கையிலிருக்கும் வயோதிகரின் கையைச் சரபோஜி பற்றியிருக்கிறார்.