‘வீட்டு உபயோகம்’ என்னும் வகைப்பாடும் மாதவமாலாவின் திண்ணைப் பட்டறைகளும்

மலிவான மின்கருவியை வாங்குவதா, விலை கூடினாலும் தரமானதை வாங்குவதா என்னும் கேள்வி வெறும் சிக்கனம் பற்றிய கேள்வியாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அக்கேள்விக்குள் ‘வீட்டு உபயோகம்’, ‘தொழில் உபயோகம்’ என்றொரு பிரிவினை ஒளிந்திருக்கிறது. அப்பிரிவினைக்குப் பிறந்த நாடும் உண்டு, பிறந்த ஆண்டும் உண்டு.

ஸ்டுட்கார்ட் நகரின் ஃபைன் நிறுவனம் 1895-இல் கையில் பிடித்துத் துளையிடும் மின்கருவியை உருவாக்கியது. கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விரலால் அழுத்தும் விசையும் கொண்ட துளைக்கருவிக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1917-இல் காப்புரிமை பெற்றது. இன்றைய டிரில்லின் வடிவம் அதுவே. இவையெல்லாம் ஆலைகளுக்கானவை. இரண்டாம் உலகப் போரின்போது ஆலைத் தொழிலாளர்கள் இக்கருவிகளை வீட்டுக்கு எடுத்துச் சென்று திருப்பித் தராமலிருந்ததே புதியதொரு சந்தை இருப்பதை நிறுவனத்துக்கு உணர்த்தியது என்று ஒரு கதை வழங்குகிறது. திருட்டைச் சந்தை ஆய்வாகப் படித்த அரிய நிகழ்வு இது! 1946-இல் வீட்டுக்கென்றே ஒரு வரிசை வெளிவந்தது. அதன் மனக்கண்ணில் இருந்தவர், வாரம் முழுவதும் வேறு வேலை பார்த்து, ஓய்வு நாளில் சுவரில் அலமாரி மாட்டுபவர். ‘வீட்டுப் பட்டறை’ என்ற சொல்லில் வீடு என்பது ஓய்வின் இடம்.

திருப்பதிக்கும் ஸ்ரீகாளஹஸ்திக்கும் இடையே ஏர்ப்பேடு மண்டலத்தில் உள்ள மாதவமாலாவில் அச்சொல் வேறு பொருள் கொள்கிறது. தெய்வ உருவங்களையும் கோயில் வாகனங்களையும் மரத்தில் செதுக்கும் ஊர் அது. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கே வீடுதான் பட்டறை, பட்டறைதான் பிழைப்பு. திண்ணையில் ஓடும் கிரைண்டரை இருக்கும் இடத்தைக் கொண்டு வகைப்படுத்தினால் வீட்டுக் கருவி. ஓடும் நேரத்தைக் கொண்டு வகைப்படுத்தினால் ஆலைக் கருவி. வேலைப்பொருளும் எளிதில் வளைந்து கொடுப்பதன்று. இப்பகுதியின் மலைகளுக்கே உரிய செம்மரத்தின் வைரப்பகுதி நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தி மிக்கது. பெட்டியின்மீது அச்சிட்டிருக்கும் ‘வீட்டு உபயோகத்திற்கு’ என்ற தொடர் இத்தகைய கைவினைஞரை நோக்கி எழுதப்பட்டதன்று. கடையில் அதைப் படித்து, விலையையும் பார்த்து வாங்குபவர்களுள் அவரும் ஒருவர்.

உளியைப் பொறுத்தவரை இக்குழப்பத்துக்கு இடமிருந்ததில்லை. தமிழிலும் தெலுங்கிலும் அதன் பெயர் ஒன்றே. அதன் தரத்தை அறிய வணிகப்பெயர் தேவைப்படவில்லை. தோய்ச்சல் சரியாக இல்லையென்றால் முதல் நாளே கூர் மழுங்கும் அல்லது வாய் உதிரும். கொல்லரிடம் திருப்பிக் கொடுத்தால் மீண்டும் உலையில் ஏறும். டிரில், கிரைண்டர், கட்டர் என்னும் புதிய சொற்களையும் இரு மொழிகளும் ஒன்றுபோலவே கடன் வாங்கியுள்ளன. ஆனால் அப்பொருள்களின் தரம் பிளாஸ்டிக் உறைக்குள் மறைந்துவிட்டது. சுழலும் தண்டைத் தாங்குவது பேரிங்கா, வெறும் புஷ்ஷா? பல்சக்கரம் எத்தகைய உலோகம்? சுருள் கம்பி செம்பா, அலுமினியமா? கடையில் நிற்பவர் காண்பது வாட் எண்ணை மட்டுமே. அதுவும் பெரும்பாலும் மோட்டார் உள்வாங்கும் மின்திறனே தவிர, மரத்தின்மீது செலுத்தும் திறன் அன்று. வெப்பமாக வீணாவதும் அந்த எண்ணில் அடங்கும்.

இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இந்தியப் பட்டறைகளில் பம்பாயின் ரல்லிவுல்ஃப் போன்ற மிகச் சில பெயர்களே புழங்கின. 2001 ஏப்ரல் 1 அன்று எஞ்சியிருந்த 715 பொருள்களின் மீதான இறக்குமதி அளவுக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. பின்னர் வந்த மலிவுக் கருவிகளை இழிவாகப் பேசுவது எளிது. சொந்தமாக ஒரு டிரில்கூட இல்லாதவரிடம் முதன்முதலில் ஒன்றைச் சேர்த்தவை அவைதாம். இடர்ப்பாடு பழுதில் தொடங்குகிறது. கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்றலாம். ஆர்மேச்சர் எரிந்தால் காயில் கட்டுபவரிடம் கொடுக்கலாம். பெயரற்ற கருவிக்கு உரிய அளவில் பிரஷ் கிடைப்பதே அரிது. காயில் கட்டும் கூலியோ புதிய கருவியின் விலையை நெருங்கும். கொல்லரின் உலைக்குத் திரும்பிய உளியைப் போலன்றி, இது பழைய இரும்புக் கடைக்குச் செல்கிறது.

விலை கூடிய பெயரும் முழு உத்தரவாதமன்று. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழில்முறைத் தச்சரிடையே ஜப்பானின் மகிட்டா ஏறத்தாழப் பாதிச் சந்தையைப் பிடித்திருந்தது. பிளாக் அண்ட் டெக்கரின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. சோதனைகளில் அதன் கருவிகள் சளைத்தவையாகத் தெரியவில்லை. சமையலறைச் சாமான்களிலும் அதே பெயர் இருந்ததே குறை. 1992-இல் அந்நிறுவனம் தன் கைவசமிருந்த டிவால்ட் என்னும் பழைய பெயரை மஞ்சள் நிறத்தில் மீட்டெடுத்து அச்சந்தையைத் திரும்ப வென்றது. நிறமே தரத்தின் அடையாளமாயிற்று. ஆகவேதான் இன்று பெயர் தெரியாத கருவிகளும் அதே மஞ்சளையும் நீலத்தையும் பூசிக்கொண்டு அலமாரியில் அமர்கின்றன.

நிறத்தால் போலி செய்ய இயலாத ஒன்று விசை. விலை குறைந்த கிரைண்டர்களில் பெரும்பாலும் தள்ளுவிசையே இருக்கும். ஒருமுறை தள்ளிவிட்டால் கை விலகினாலும் தட்டு சுழன்றுகொண்டே இருக்கும். பிடியின் அடியில் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய துடுப்பு விசை, கை விலகியதும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதற்கு விலை கூடுதல். மரத்தை விரைவாகக் குடைவதற்காகப் பாதுகாப்பு உறையைக் கழற்றிவிட்டுப் பல்வைத்த வட்டை மாட்டும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அந்நிலையில் கருவி துள்ளிக் கைநழுவினால், அது விழுமிடம் ஆலையின் தளமன்று. பிள்ளைகள் அமர்ந்து பாடம் படிக்கும் அதே திண்ணை.