மடை மாற்றும் மடிக்கணினி

செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரை நம்பிப் பயிர் வைத்தவர்களுக்கு மடை மாற்றுவது பழகிய வேலை. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் பம்புசெட் ஓய்வெடுக்கும்; வாய்க்கால் வறண்டால் மோட்டார் ஓடும். மண்வெட்டியால் இந்தப் பக்கம் அடைத்து அந்தப் பக்கம் வெட்டிவிட்டால் முடிந்தது.

ஏரி இப்போது சென்னைக்குக் குடிநீர் தருகிறது. மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர். 2007-இல் டெல் கணினி ஆலை அங்கே வந்தது; 2021-இல் எச்.பி. தன் லேப்டாப்புகளை அங்குள்ள ஃப்ளெக்ஸ் ஆலையில் தயாரிக்கத் தொடங்கியது. லேப்டாப்புக்குள்ளும் இப்படி ஒரு மடை உண்டு.

திரையில் படம் வரையும் சிப் பல லேப்டாப்புகளில் இரண்டு. ஒன்று கூடவே பிறந்தது: பொது நினைவகத்திலேயே பங்கு வாங்கிக்கொண்டு, சொற்ப மின்சாரத்தில் பிழைக்கும். இன்னொன்று தனி கிராபிக்ஸ் சிப்: தனக்கென்று நினைவகம், அசுர வேகம், அதற்கேற்ற பசி. கேம், வீடியோ எடிட்டிங், கார் உதிரிபாகத்தின் முப்பரிமாண வரைபடம் என்றால் இது வேண்டும். கடிதம் தட்டும்போதும் இது விழித்திருந்தால் பேட்டரி தாங்காது.

2006-இல் வந்த சோனி வயோ எஸ்இசட், இந்த மடையைப் பயனர் கையிலேயே கொடுத்தது. விசைப்பலகைக்கு மேலே ஒரு சிறிய சுவிட்ச்: ஒரு பக்கம் 'ஸ்டாமினா', மறுபக்கம் 'ஸ்பீட்'. முதலாவதில் கூடவே பிறந்த இன்டெல் சிப், இரண்டாவதில் தனி என்விடியா சிப். தள்ளினால் மட்டும் போதாது, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். 2008 அக்டோபரில் வந்த ஆப்பிளின் மேக்புக் ப்ரோ ஒரு படி இறங்கி வந்து, லாக் அவுட் செய்தால் போதும் என்றது. திறந்த வேலையையெல்லாம் மூடிவிட்டு மடை மாற்ற எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? பாதிப் பேர் சுவிட்ச் இருப்பதையே மறந்திருப்பார்கள்.

2010 பிப்ரவரியில் என்விடியா 'ஆப்டிமஸ்' என்ற வழியைக் கொண்டுவந்தது. பம்புசெட் தண்ணீரையும் வாய்க்காலிலேயே கொட்டிவிட்டால் மடை எதற்கு? தனி சிப் வரைந்த படம் இன்டெல் பக்கத்து நினைவகத்துக்கு நகலாகும். திரைக்கு அனுப்புவது எப்போதும் இன்டெல்தான். வேலை இல்லாதபோது தனி சிப் அடியோடு அணைந்துவிடும். யாரும் எதையும் தள்ள வேண்டாம். கெட்டிக்கார யோசனைதான், விண்டோஸ்காரர்களுக்கு.

லினக்ஸ் இயங்குதளத்தில் அது ஓடவில்லை. ஆர்வலர்களே 'பம்பிள்பீ' என்று ஒரு மென்பொருள் செய்தார்கள். ஆப்டிமஸ் என்றால் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையின் தலைவன், பம்பிள்பீ அவன் தோழன். அந்தக் குறும்புதான் பெயர். 2011-இல் அதன் நிறுவல் நிரலில், அழிக்க வேண்டிய கோப்பின் முகவரி நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. 'யுஎஸ்ஆர்' என்ற சொல்லோடு முகவரி முடிந்ததாகக் கணினி எடுத்துக்கொண்டு, அந்தப் பெயருள்ள கோப்புறையை முழுக்கத் துடைத்தது. லினக்ஸின் பெரும்பாலான மென்பொருள்கள் குடியிருப்பது அங்கேதான். 2012-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக மேடையில் கேமராவைப் பார்த்து என்விடியாவுக்கு நடுவிரல் காட்டினார். ஆப்டிமஸ் லேப்டாப் வாங்கிய ஒருவர் கேட்ட கேள்விக்கு வந்த பதில் அது.

தமிழ்நாட்டின் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் லேப்டாப் வந்ததும் இந்த ஆண்டுகளில்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குத் தனி கிராபிக்ஸ் எல்லாம் கிடையாது. தொடக்கத்தில் வந்தவற்றில் இருந்த ஒரே மடை, கணினி எழும்போது விண்டோஸா, மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸா என்று கேட்பதுதான்.

ஆப்டிமஸ் முறையில் படத்தை நகலெடுத்து அனுப்புவதில் கொஞ்சம் வேகம் சிந்தும். கேம் ஆடுகிறவர்கள் அதை விடுவார்களா? 'மக்ஸ் சுவிட்ச்' என்ற பெயரில் பழைய மடை திரும்பிவிட்டது: வாய்க்காலைத் தொடாமல் பம்புசெட்டிலிருந்து நேராக வயலுக்கு ஒரு குழாய். 2020-இல் என்விடியா, அதையும் தானாக மாற்றிக்கொள்ளும் 'அட்வான்ஸ்டு ஆப்டிமஸ்' முறையை அறிவித்தது. அந்த வசதி இல்லாத மாடல்களில் இன்றும் அமைப்புப் பக்கத்தில் மக்ஸை மாற்றினால், ஒரு சின்னப் பெட்டி வந்து ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும்.