கைநாட்டும் ஓ.டி.பி.யும்



போன வாரம் அரியலூரிலிருந்து பழைய மாணவர் ஒருவர் பேசினார். "சார், எங்க அப்பா எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடல. போன்ல வந்த ஓ.டி.பி.யை ஒருத்தர் கேட்டாருன்னு சொல்லிட்டார். இப்ப கடன் பத்திரத்துல ஆதார் மூலமா கையெழுத்து ஆயிடுச்சுங்கிறாங்க. அது செல்லுமா சார்?" அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் வரலாற்றோடு உங்களுக்கும் சொல்கிறேன்.

எழுதத் தெரியாதவர் பத்திரத்தில் இடும் அடையாளத்துக்குத் 'தற்குறி' என்று பெயர். பிற்காலத்தில்தான் அது வசைச்சொல் ஆனது. அரசர்களுக்கு முத்திரை. நம் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் புலியும் மீனும் வில்லும் பொறித்த முத்திரை இருக்கிறது. 1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவரின் உள்ளங்கைப் பதிவையே ஒப்பந்தத்தில் வாங்கினார். பெயர் எழுதத் தெரியாதவர் இடும் குறியும் கையெழுத்தே என்று 1897-ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டம் சொன்னது. ஆக, சட்டம் எழுத்தின் அழகைப் பார்ப்பதில்லை. "இது என் சம்மதம்" என்பதற்கான அடையாளத்தைத்தான் பார்க்கிறது.

இதே வழியில் வந்ததுதான் தகவல் தொழில்நுட்பச் சட்டம். ஐ.நா. 1996-இல் தந்த மாதிரிச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டு, 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. கணினி வழிக் கையெழுத்துக்கு அதன் 5-ஆம் பிரிவு சட்ட மதிப்புக் கொடுத்தது. முதலில் 'டிஜிட்டல் கையெழுத்து' மட்டுமே. ஒருவரிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியால் ஒப்பமிட, பொதுச் சாவியால் மற்றவர்கள் சரிபார்க்கலாம். ஆவணத்தில் ஓர் எழுத்து மாறினாலும் தெரிந்துவிடும். 2008-இல் செய்த திருத்தம் 2009 அக்டோபர் 27 முதல் அதை 'மின்னணுக் கையெழுத்து' என்று விரித்தது. 2015-இல் ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. மூலம் ஒப்பமிடும் 'இ-சைன்' வந்தது. உயில் போன்ற சில ஆவணங்களுக்கு இன்றும் இது செல்லாது, பேனாவோ கைநாட்டோதான்.

மாணவரின் கேள்விக்கு வருகிறேன். ஒப்பமிடும் நேரத்தில் அதற்கான தரவு ஒப்பமிடுபவர் ஒருவரின் கட்டுப்பாட்டில் மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 3ஏ பிரிவு. எனவே, "செல்லாதுன்னு வாதாட இடம் இருக்கு தம்பி. ஆனா நிரூபிக்க அலையணும். வந்த குறுஞ்செய்தி எதையும் அழிக்காதே. உடனே 1930-க்குப் போன் பண்ணிப் புகார் கொடு. ஒரு வக்கீலையும் பார்" என்றேன்.

குன்னம் பக்கத்துப் பள்ளியில் நான் வேலை பார்த்தபோது, டி.சி. வாங்க வரும் தாய்மார்கள் விரலில் மை தடவுமுன், "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டுங்க சார்" என்பார்கள். படித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வைத்து, மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு போவார்கள். வெற்றுத்தாளில் ஒருவர்கூட வைத்ததில்லை. படித்த நாம்தான் ஆறு இலக்கத்தைக் கேட்டவரிடமெல்லாம் சொல்லிவிடுகிறோம்.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஓ.டி.பி. சொல்வது வெற்றுத்தாளில் கைநாட்டு வைப்பது போல என்று சொன்னால் அவர்களுக்கு உடனே புரியும்.