வெக்கை என்னும் சொல்: கால்நடைக் கலைச்சொற்களும் ஆய்வுக்கூடச் சான்றும்

முன்னுரை

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்தில் அமைந்துள்ள ஊர் ஹெப்பகோடி. கன்னடமும் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் எல்லைப்பகுதி அது. கால்நடை அறிவியலின் வரலாற்றில் இச்சாலைக்குத் தனியிடம் உண்டு. சாலையின் நகர முனையாகிய ஆடுகோடியில் 1923இல் கால்நடை வளர்ப்புக்கும் பால்பண்ணைத் தொழிலுக்கும் உரிய இம்பீரியல் நிறுவனம் உருப்பெற்றது. தேசியக் கால்நடை ஊட்டவியல், உடலியங்கியல் நிறுவனம் 1995இல் அப்பகுதியிலேயே தோன்றியது. மறுமுனையாகிய ஓசூரில் உள்ள அரசுக் கால்நடைப் பண்ணையின் தொடக்கம் 1824ஆம் ஆண்டிற்குரியது. இடையிலுள்ள ஹெப்பகோடியோ நொதித் தொழிலோடு இணைத்து அறியப்படுவது. 1978இல் நொதி உற்பத்தியுடன் தொடங்கிய பயோகான் நிறுவனத்தின் பெயரை 2025இல் திறக்கப்பட்ட அவ்வூர் மெட்ரோ நிலையமும் தாங்கியுள்ளது.

தொழுவத்தில் வழங்கும் சொல்லும் ஆய்வுக்கூடத்தில் வழங்கும் சொல்லும் சந்திக்கும் களம் இத்தகைய பகுதியே. ஒரு நோயின் பெயரோ, தீவனச்சத்தின் பெயரோ, அதனைக் கண்டறியும் சோதனை முறையையும் தன்னுள் கொண்டிருக்கிறது என்பதும், அம்முறையை அறியாது செய்யும் மொழிபெயர்ப்பு பொருளையே மாற்றிவிடும் என்பதும் இக்கட்டுரையால் நிறுவப்படும்.

அறிகுறிவழிப் பெயர்கள்

தமிழில் கால்நடை நோய்ப் பெயர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியாலோ, நோய் தாக்கும் உறுப்பாலோ அமைந்தவை. மாட்டு வாகட நூல்களின் நெறியும் இதுவே. தொடைச்சப்பையில் வீக்கம் காண்பது சப்பை நோய். தொண்டை வீங்கி மூச்சு அடைபடுவது தொண்டை அடைப்பான். மாடு திடீரென விழுந்து இறப்பது அடைப்பான். கன்னடத்திலும் சப்பை நோய்க்குச் ‘சப்பெ ரோகம்’ என்றே பெயர். உறுப்பின் பெயரே நோய்க்கு ஆகிவந்த நிலையை இரு மொழிகளிலும் காணலாம்.

இப்பெயர்கள் பயனற்றவை அல்ல. விரைந்து அடையாளம் காண உதவுபவை. எனினும் ஒரே அறிகுறி பல காரணங்களால் தோன்றக்கூடும். அடைப்பானும் தொண்டை அடைப்பானும் பெயரால் ஓரினம்போலத் தோன்றுகின்றன. நுண்ணுயிரால் அவை முற்றிலும் வேறானவை. அடைப்பான் நோய்க்குரிய நுண்ணுயிரின் வாழ்க்கைச் சுழற்சியை ராபர்ட் காக் 1876இல் விளக்கினார். அந்நுண்ணுயிர் காற்றுப்பட்டதும் நீண்ட காலம் அழியாத வித்துகளாக மாறும். ஆகவே அடைப்பானால் இறந்த மாட்டை அறுத்துப் பார்த்தல் கூடாது. காது நரம்பிலிருந்து எடுத்த துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் காண்பதே மரபு. தொண்டை அடைப்பானுக்கு இத்தடை இல்லை. ஒரு துண்டறிக்கையை மொழிபெயர்ப்பவர் ‘தொண்டை’ என்னும் அடையை விட்டுவிடினும், தேவையின்றிச் சேர்ப்பினும், அதைப் படித்து நடப்பவரின் உயிருக்கே ஊறு நேரலாம்.

வெக்கையும் பெருநோயும்

மாடுகளின் கொள்ளைநோய்களுள் மிகக் கொடியதாக விளங்கியதற்குத் தமிழர் இட்ட பெயர் வெக்கை. கடுங்காய்ச்சலைக் குறிக்கும் வெப்பப் பொருளில் எழுந்த பெயர் இது. கன்னடத்தில் இந்நோய் ‘தொட்ட ரோகம்’, அதாவது பெருநோய் எனப்பட்டது. ஆங்கிலத்தில் வழங்கும் ரிண்டர்பெஸ்ட் என்பது மாடுகளின் கொள்ளைநோய் எனப் பொருள்படும் செருமானியச் சொல். ஒரே நோயைத் தமிழ் உணர்குறியாலும், கன்னடம் அளவாலும், செருமானியம் விலங்கினத்தாலும் சுட்டின.

பெங்களூரின் வடபால் ஹெப்பாளத்தில் 1925இல் ஊனீர் நிலையம் ஒன்று நிறுவப்பட்டதற்கும், இராணிப்பேட்டையில் 1932இல் அத்தகைய நிலையம் தோன்றியதற்கும் முதன்மைக் காரணம் இந்நோயே. நோயுற்றுத் தேறிய மாட்டின் ஊனீரை மற்ற மாடுகளுக்குச் செலுத்திக் காக்கும் முறை அந்நாளில் வழங்கியது. பின்னர் ஆடுகளின் வழியாக வலுக்குறைக்கப்பட்ட நச்சுயிரியைக் கொண்டு முக்தேசுவரத்தில் ஜே. டி. எட்வர்ட்ஸ் தடுப்பு மருந்து கண்டார். அதனை அடுத்து, கென்யாவில் வால்டர் பிளௌரைட் உயிரணு வளர்ப்பு முறையில் உருவாக்கிய தடுப்பூசி உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1954இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டம் பல கட்டங்களைக் கடந்தது.

அரசூர், 1987

1987இல் தமிழ்நாட்டில் விழுப்புரத்தை அடுத்த அரசூரில் செம்மறியாடுகளிடையே ஒரு கொள்ளைநோய் கண்டது. காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், மூச்சுத்திணறல் என அறிகுறிகள் யாவும் வெக்கையை ஒத்திருந்தன. மாட்டு வெக்கையின் நச்சுயிரி ஆடுகளையும் தாக்கவல்லது. ஆதலின் ஆடுகளில் காணும் இத்தகைய நோயும் வெக்கையாகவே கருதப்பட்டு வந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எம். எஸ். ஷைலாவும் தமிழ்நாட்டு ஆய்வாளர்களும் இது வேறொரு நச்சுயிரியால் விளைவது என நிறுவி 1989இல் வெளியிட்டனர். மேற்காப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் 1942இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோய் அது. அதன் பிரெஞ்சுப் பெயருக்குச் ‘சிறு அசைபோடும் விலங்குகளின் கொள்ளைநோய்’ என்பது பொருள்.

இரு நச்சுயிரிகளும் நெருங்கிய உறவுடையவை. மனிதரின் தட்டம்மை நச்சுயிரியும் அக்குடும்பத்தது. ஆதலின் பழைய ஊனீர்ச் சோதனைகளில் ஒன்றின் எதிர்ப்பொருள் மற்றதனோடும் வினைபுரிந்து மயக்கம் விளைத்தது. 1971இல் வெளியான எலிசா முறையும், 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்ட ஒற்றைவழி எதிர்ப்பொருள் முறையும் இணைந்த பின்னரே இரண்டையும் பெருமளவில் பிரித்தறிதல் எளிதாயிற்று.

தமிழில் இப்புதிய நோய்க்கு ‘ஆட்டு வெக்கை’ எனவும் ‘ஆட்டுக்கொல்லி’ எனவும் இரு பெயர்கள் எழுந்தன. முன்னது உறவைக் காட்டுவது. பின்னது வேறுபாட்டைக் காட்டுவது. நச்சுயிரி உறவை நோக்கின் முன்னதும் பொருத்தமே. ஆயினும் நாடு வெக்கையிலிருந்து விடுபட்டதை மெய்ப்பிக்க வேண்டிய காலத்தில் அப்பெயர் இடர் தந்தது. ஒழிப்புத் திட்டத்தின்கீழ் ஊர்தோறும் சென்று நோய்ச்செய்தி கேட்கும் தேடல் நடந்தபோது, ஊரார் கூறும் ‘வெக்கை’ மாட்டினுடையதா, ஆட்டினுடையதா என்பதைப் பிரித்தறிதல் இன்றியமையாததாயிற்று. ஊர்ச்சொல்லே முதற் சோதனைக் கருவியாக நின்றது எனலாம்.

எதிர்ப்பொருளின் இருபொருள்

ஒருகாலத்தில் ஆட்டுக்கொல்லிக்கும் வெக்கைத் தடுப்பூசியே இடப்பட்டது. உறவின் காரணமாக அது பயன்தந்தது. பின்னர் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. இதன் காரணம் சொற்பொருள் ஆய்வாளர் கருதத்தக்கது. தடுப்பூசி இடப்படும் நாளில் ஊனீரில் எதிர்ப்பொருள் காண்பது ‘காப்பு உண்டு’ எனப் பொருள்படும். தடுப்பூசி நிறுத்தப்பட்ட பின் பிறந்த விலங்கில் அதே எதிர்ப்பொருள் காண்பது ‘நச்சுயிரி இன்னும் உலவுகிறது’ எனப் பொருள்படும். சோதனையும் ஒன்று, விடையும் ஒன்று. பொருள் மட்டும் நேர்மாறு. வெக்கைத் தடுப்பூசியை ஆட்டுக்கு இட்டால் இப்பொருள் மயங்கிவிடும். எனவே ஆட்டுக்கொல்லிக்கெனத் தனித் தடுப்பூசிகள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ‘அரசூர் 87’ என அவ்வூரின் பெயரையே தாங்கியது.

‘நேர்’, ‘நேர்மறை’ எனச் சோதனை விடையை மொழிபெயர்ப்போர், அது எக்காலத்து, எந்நோக்கத்துச் சோதனை என்பதையும் உடன்சுட்ட வேண்டும். இந்தியாவின் கடைசி வெக்கை நிகழ்வு 1995இல் தமிழ்நாட்டின் வடஆர்க்காட்டுப் பகுதியில் பதிவாயிற்று. 2006இல் நாடு நோய்த்தொற்று அற்றதாக அறிவிக்கப்பட்டது. 2011இல் உலகமே விடுபட்டது. மனிதர் முயற்சியால் உலகளாவிய நிலையில் ஒழிக்கப்பட்ட முதல் விலங்கு நோய் இதுவே.

புரதம் என்னும் சொல்

தீவனத் துறையிலும் இந்நிலை உண்டு. தவிடு, புண்ணாக்கு, கேழ்வரகுத் தாள் ஆகியவற்றின் சத்தை அளக்கும் ஆய்வுகள் 1920களில் பெங்களூரில் எஃப். ஜே. வார்த் தலைமையில் நடைபெற்றன. அத்தகைய அட்டவணைகளில் ‘குரூட் புரோட்டீன்’ என ஆங்கிலத்தில் காணப்படுவது தமிழில் ‘கச்சாப் புரதம்’ எனவும் ‘மொத்தப் புரதம்’ எனவும் வழங்குகிறது. தீவனப் பேச்சில் அடைமொழி நீங்கிப் ‘புரதம்’ என்றே சுருங்குதலும் உண்டு.

கோபன்ஹேகனில் ஜெல்டால் 1883இல் வெளியிட்ட முறை புரதத்தை அளப்பதன்று, நைட்ரசனை அளப்பது. புரதத்தில் நூற்றுக்கு 16 பங்கு நைட்ரசன் என்று கொண்டு, விடையை 6.25ஆல் பெருக்குவர். இம்முறைப்படி யூரியாவின் ‘புரதம்’ நூற்றுக்கு 280ஐத் தாண்டும். அதில் புரதம் சிறிதும் இல்லை. அசைபோடும் மாட்டின் இரைப்பை நுண்ணுயிர்கள் சிறிதளவு யூரியாவைப் புரதமாக்கவல்லன. கோழிக்கு அவ்வாற்றல் இல்லை. 2008இல் சீனத்துப் பாலில் மெலமின் கலந்தோர் இந்த இடைவெளியையே பயன்படுத்தினர். ஆங்கில அடைமொழி சுட்டுவது பொருளின் பண்படாமையை அன்று, அளவையின் தோராயத்தை. ‘கச்சா’ என்பது கச்சா எண்ணெய் போன்றதொரு மூலப்பொருளை நினைவூட்டுகிறது. ‘மொத்த’ என்பது புரதமல்லாததையும் புரதமாக்குகிறது. ‘நைட்ரசன்வழிப் புரதம்’ என்பது முறையை வெளிப்படக் காட்டும்.

முடிவுரை

ஆய்வுக்கூடம் பழைய பெயர்களைப் பொய்யாக்கிவிடவில்லை. அவை எவற்றை ஒன்றாகத் தொகுத்தன என்பதைப் புலப்படுத்தியது. வெக்கை, அடைப்பான், சப்பை என்னும் சொற்கள் உழவரின் கூர்நோக்கால் விளைந்தவை. அவற்றைக் களைதல் வேண்டா. அவற்றின் எல்லையை அறிந்து ஆளுதலே வேண்டும். கால்நடைக் கலைச்சொல் அகராதி தொகுப்போர், ஒவ்வொரு சொல்லுடனும் அது அறிகுறியால் அமைந்ததா, நுண்ணுயிரால் அமைந்ததா, அளவை முறையால் அமைந்ததா எனக் குறிப்பரேல், எல்லைப்புற ஊர்களில் இரு மொழிகளுக்கிடையே பணிபுரியும் மருத்துவர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் அது பெருந்துணையாகும். ஆட்டுக்கொல்லியை 2030க்குள் உலகெங்கும் ஒழிக்கும் முயற்சி நடைபெறும் இந்நாளில் இத்தேவை முன்னிலும் மிகுந்துள்ளது.